மூன்றை ஒன்றாக்குவதா, இரண்டாக்குவதா?

மட்டக்களப்பில் ஒரு கூட்டம் கூட்டி ‘இணைப்பு’ என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். கதிரையில் சாய்ந்திருப்பவரும் நிமிர்ந்து உட்காருவார். 1988இல் வடக்கோடு இணைக்கப்பட்டு, 2007இல் பிரிக்கப்பட்ட கிழக்கு மாகாணம் இது. அதனால் போன மாதம் கல்லடியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடியபோது ‘ஒன்றாக்குவது’ என்றுதான் கவனமாகப் பேசினோம். பேச்சு மாகாணங்களைப் பற்றியதல்ல. எங்கள் கட்டற்ற மென்பொருள் வட்டம் வைத்திருக்கும் மூன்று மின்னஞ்சல் குழுக்களைப் பற்றியது.

அன்றைக்கு முடிவு எட்டவில்லை. வழிகளை எல்லாம் ஒப்பிட்டு எழுதிக் கொண்டுவரும் வேலை என் தலையில் விழுந்தது. இதே சிக்கலில் இருக்கும் வேறு சிறு வட்டங்களும் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

எங்கள் ஆட்கள் மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று சிதறிக் கிடப்பவர்கள். கொஞ்சப் பேர் கனடாவிலும் லண்டனிலும். முதல் குழு எழுத்துரு, விசைப்பலகை, நிரல் ஆகியவற்றில் வேலை செய்பவர்களுக்கு. இரண்டாவது, மென்பொருள்களைத் தமிழாக்குபவர்களுக்கு. மூன்றாவது உதவிக் குழு. லிப்ரே ஆபிஸில் தமிழ் உடைந்து தெரிகிறதே, உபுண்டுவில் ரெங்கநாதன் விசைப்பலகை எங்கே கிடக்கிறது, பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த வினாத்தாளை யூனிகோடாக்குவது எப்படி என்று கேட்பவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

மூன்றும் ஆளுக்கொரு காலத்தில், ஆளுக்கொரு காரணத்தோடு பிறந்தவை. இப்போது எழுத்துருக் குழுவில் மாதத்துக்கு நாலைந்து மடல் வந்தால் பெரிது. தமிழாக்கக் குழு, ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு வெளிவரும் காலத்தில் மட்டும் கோயில் திருவிழா போல இரைச்சலாகும், பிறகு அடங்கிவிடும். உதவிக் குழுவில் மட்டும் சொட்டுச் சொட்டாக எப்போதும் ஏதாவது விழுந்துகொண்டே இருக்கும்.

சிக்கல் எங்கே தெரிந்தது என்றால், ஒரு பெயர்ப்பட்டியலில். பாடசாலை ஒன்றில் மாணவர் பட்டியல் தயாரித்த ஒருவர் உதவிக் குழுவில் கேட்டார்: ‘ஸ்ரீதரன்’ என்று தேடினால் பாதிப் பேர்தான் வருகிறார்கள், மீதிப் பேர் கண்ணுக்குத் தெரிகிறார்கள், தேடலுக்கு அகப்படவில்லை. மூன்று வாரம் யாரும் பதில் எழுதவில்லை. ஆனால் அதற்கான விடை எழுத்துருக் குழுவில் ஏற்கெனவே பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருந்தது. ஸ்ரீ என்ற எழுத்தை ஸகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம், ஶகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம். ஶகரம் யூனிகோடில் 2005இல்தான் சேர்ந்தது. திரையில் இரண்டும் ஒரே வடிவம். கணினிக்கு இரண்டும் வேறு. விடை தெரிந்தவர்கள் ஒரு வீட்டில், கேள்வி கேட்டவர் அடுத்த வீட்டில், நடுவில் மதில்.

அந்தப் பெயர்ப்பட்டியலைச் சொல்லித்தான் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்தார். “மறுகா என்னத்துக்கு மூண்டு? ஒண்டாக்கி விடுங்க” என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். இப்போது அவ்வளவு உறுதியாக ஆட்டமாட்டேன்.

இருக்கிறபடியே விடுவது முதல் வழி. இதற்கு ஆதரவாகச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு: யாருக்கும் வேலை இல்லை. ஆனால் ஆளில்லாத குழு சும்மா கிடப்பதில்லை. புதிதாக வருபவர் அங்கே ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுக் காத்திருந்து, இந்த வட்டமே செத்துவிட்டது என்று முடிவு கட்டிப் போய்விடுகிறார். மூன்று குழுவுக்கும் மூன்று மட்டுறுத்துநர் வேண்டும், குப்பை மடல்களை மூன்று இடத்தில் வாரிக் கொட்ட வேண்டும். இந்த வழியை நான் இத்தோடு விடுகிறேன்.

மின்னஞ்சலையே விட்டுவிட்டு டிஸ்கோர்ஸ் போன்ற இணைய விவாதத் தளத்துக்குப் போவது இன்னொரு வழி. பெரிய திட்டங்கள் சில அப்படித்தான் போயின. லினக்ஸுக்கான திரைமுகப்பை உருவாக்கும் க்னோம் 2022இல் தன் மின்னஞ்சல் குழுக்களை மூடி டிஸ்கோர்ஸுக்கு மாறியது. பைத்தான் நிரல்மொழியின் மைய உருவாக்குநர்களும் அதே ஆண்டில் பேச்சை அங்கே கொண்டுபோனார்கள். அங்கே குழு, குழுவாகப் பிரிக்கத் தேவையில்லை; ஒரே இடத்தில் பகுதிகள், குறிச்சொற்கள், தேடல் எல்லாம் இருக்கும். மூன்றா ஒன்றா என்ற கேள்வியே கரைந்துபோகும். கல்முனைத் தங்கச்சி ஒருவர் இதற்காகத்தான் கடைசிவரை வாதாடினார், அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. டிஸ்கோர்ஸ் ஓடக் குறைந்தது 1 ஜிபி நினைவகம் உள்ள சேவையகம் வேண்டும், 2 ஜிபி இருந்தால்தான் நிம்மதி. அதற்கு மாதாமாதம் டொலரில் கட்ட வேண்டும். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாய்ப் பக்கத்திலிருந்து 360ஐத் தொட்டதை நாங்கள் யாரும் மறக்கவில்லை. அதே ஆண்டு நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கும் மேல் மின்வெட்டு வந்தபோது, காலையில் மடல்களை இறக்கி வைத்துக்கொண்டு இருட்டில் மடிக்கணினி பற்றரி தீரும்வரை பதில் எழுதி, மின்சாரம் வந்ததும் அனுப்பியவர்கள் நாங்கள். மின்னஞ்சல் அந்த மாதிரிப் பொறுமையான சரக்கு. எங்கள் சேவையகம் ஒரு நாள் படுத்துக் கிடந்தாலும் அனுப்புகிற பக்கம் நாலைந்து நாள்வரை திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். மடல் தொலையாது.

வாட்ஸ்அப் போதாதா என்றும் ஒருவர் கேட்டார். கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்க வாட்ஸ்அப் போதும். போன வருடம் ‘ஃபோல்டர்’ என்பதற்குக் கோப்புறை என்று ஏன் முடிவெடுத்தோம் என்பதை அதில் தேடிப் பாருங்கள், காலை வணக்கப் படங்களுக்கு நடுவே. பல கட்டற்ற மென்பொருள் திட்டங்களைத் தாங்கும் அபாச்சி அறக்கட்டளைக்காரர்கள் ஒன்று சொல்வார்கள்: மின்னஞ்சல் குழுவில் நடக்காதது நடக்கவே இல்லை. கொஞ்சம் கறாரான பேச்சுத்தான், ஆனால் தன்னார்வலர்கள் ஆளுக்கொரு நேரத்தில், ஆளுக்கொரு நாட்டில் இருந்து வேலை செய்யும்போது அது இல்லாமல் முடியாது.

ஆக, உண்மையான போட்டி இரண்டு வழிகளுக்கு இடையேதான். மூன்றையும் ஒன்றாக்குவது, அல்லது வேலை செய்பவர்களின் இரண்டு குழுக்களை மட்டும் ஒன்றாக்கி, உதவிக் குழுவைத் தனியே விடுவது.

முழு ஒன்றாக்கலுக்கு உலகில் நல்ல முன்னுதாரணம், தரவு மையங்களை ஓட்டுவதற்கான கட்டற்ற மென்பொருளான ஓப்பன்ஸ்டாக். அங்கே பொதுக் குழு ஒன்று, உருவாக்குநர் குழு ஒன்று, அதை நிறுவி ஓட்டுபவர்களுக்கு ஒன்று, சிறப்பு ஆர்வக் குழுக்களுக்கு ஒன்று என்று நான்கு இருந்தன. மென்பொருளை எழுதுபவர்களும் ஓட்டுபவர்களும் ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாமல் இருந்தார்கள். முக்கியமான மடலென்றால் நான்குக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும், பதில்கள் நான்கு பக்கமும் சிதறும். 2018இல் நான்கையும் மூடி ஒரே குழுவாக்கினார்கள். அவர்கள் செய்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. பழைய நான்கில் ஒன்றின் பெயரை எடுத்துக்கொள்ளாமல், புதுப் பெயரில் ஒரு குழு திறந்தார்கள். நவம்பர் 19ஆம் திகதி புதிய குழு மடல்களை ஏற்கத் தொடங்கியது. டிசம்பர் 3ஆம் திகதி பழையவை மூடின. இடைப்பட்ட இரண்டு வாரமும் பழைய குழுவுக்கு எழுதினால் அதன் பிரதி புதியதற்கும் போனது. யாரையும் இழுத்துப் போய்ச் சேர்க்கவில்லை. வேண்டியவர்கள் தாங்களே வந்து சேர்ந்தார்கள். எந்த மடல் எதைப் பற்றியது என்பதைத் தலைப்பு வரியில் பகர அடைப்புக்குள் ஒரு குறிச்சொல்லால் காட்டினார்கள். எனக்கு அந்தப் பகுதி வேண்டாம் என்றால் என் பெட்டியில் ஒரு வடிகட்டி போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அபாச்சியில் புதிய திட்டங்களை வளர்த்தெடுக்கும் இன்குபேட்டரிலும் கிட்டத்தட்ட இதே அறிவுரைதான். புதிதாக வரும் திட்டங்களுக்கு, பயனர்களுக்கென்று தனிக் குழுவை அவசரப்பட்டுத் திறக்காதீர்கள், ஆட்கள் குறைவாக இருக்கும்போது எல்லாரும் ஓரிடத்தில் இருக்கட்டும், தேவை வந்தால் பிரிக்கலாம் என்று சொல்கிறார்கள். எங்கள் அளவுக்கு இந்த அறிவுரை அப்படியே பொருந்துவது போலத் தெரிந்தது. கல்லடியில் நான் தலையாட்டியதும் இதை நினைத்துத்தான்.

கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போதுதான் மனம் மாறத் தொடங்கியது. கல்முனையில் அச்சகம் வைத்திருக்கும் ஒருவர், நாங்கள் எல்லாரும் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுபவர், கூட்டத்தில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. உதவிக் குழுவில் அதிகம் கேட்பவரே அவர்தான். என்ன காக்கா, நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்டேன். “என்னத்தச் சொல்ற தம்பி? அந்தப் பெரிய குழுவுக்குள்ள நான் எப்படிக் கேக்கிற? அங்க எல்லாரும் படிச்சாக்கள்.”

இந்த மனிதர் முப்பது வருடமாகப் பாமினியில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பவர். எழுத்துருவில் ஒரு கொம்பு அரைப் புள்ளி விலகி நின்றால் எங்கள் எல்லாரையும்விட முதலில் அவர் கண்ணுக்குத்தான் படும். அவருக்கே இந்தக் கூச்சம் என்றால் மற்றவர்கள் நிலை என்ன? ஓப்பன்ஸ்டாக்கில் ஓட்டுபவர்கள் என்று சொல்லப்படுபவர்கள் பெரிய தரவு மையங்களை நடத்துபவர்கள். உருவாக்குநர்களோடு சரிக்குச் சரி சண்டை போடத் தெரிந்தவர்கள். அபாச்சித் திட்டங்களின் பயனர்களும் பெரும்பாலும் நிரலாளர்கள்தான். எங்கள் உதவிக் குழுவில் இருப்பவர்கள் ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், அச்சகக்காரர்கள். எழுத்துருக் குழுவில் வரும் ஒரு மடலை அவர்கள் திறந்து பார்த்தால் பாதி ஆங்கிலம், பாதி நிரல். நான்கு நாள் இப்படி வந்தால் ஐந்தாம் நாள் விலகிவிடுவார்கள். விலகினால்கூடப் பரவாயில்லை, அது கணக்கில் தெரியும். இருந்துகொண்டே பேசாமல் போய்விடுவார்கள். அது எந்தக் கணக்கிலும் தெரியாது.

இந்த இடத்தில்தான் நான் பக்கம் மாறினேன். ஒன்றாக்கலாமா என்று யோசிக்கும்போது நாம் வழக்கமாக மடல்களை எண்ணுகிறோம். மாதம் இத்தனை வருகிறது, சேர்த்தால் இத்தனை ஆகும், தாங்கும், தாங்காது. எண்ண வேண்டியது, ஒன்றாக்கிய பிறகு யார் வாயைத் திறக்கமாட்டார்கள் என்பதை.

எழுத்துருக் குழுவும் தமிழாக்கக் குழுவும் ஒன்றானால் யாரும் வாயை மூடப்போவதில்லை. இரண்டிலும் பாதி ஆட்கள் ஏற்கெனவே ஒரே ஆட்கள். ஒரு பொத்தானில் தமிழ்ச் சொல் அடங்கவில்லை என்றால், சொல்லைச் சுருக்குவதா எழுத்துருவின் அகலத்தைப் பார்ப்பதா என்பது இருவரும் சேர்ந்து பேச வேண்டிய விடயம். அங்கே மதில் தேவையே இல்லை.

அப்படியானால் அந்த ஸ்ரீதரன் கேள்வி? விடை தெரிந்தவர்கள் கேள்வி கேட்பவர்களின் வீட்டுக்குப் போக வேண்டும். கேட்பவர்களை இங்கே கூப்பிடத் தேவையில்லை. வேலைக் குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் உதவிக் குழுவிலும் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்தால் போதும். ஒருவழிப் பாதை. எங்கள் குழுக்களை ஓட்டும் மெயில்மேன் என்ற மென்பொருளின் பழைய 2.1 பதிப்பில் இதற்கென்றே சகோதரக் குழு என்று ஒரு வசதி உண்டு: ஒரு குழுவுக்கு வரும் மடல் இன்னொரு குழுவின் உறுப்பினர்களுக்கும் தானாகப் போகும், எதிர்ப்பக்கம் வராது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அப்படிப் பெற்ற மடலுக்குப் பதில் எழுதினால், உறுப்பினரல்லாதவர் எழுதியது என்று அது மட்டுறுத்தலில் போய் நிற்கும். அதைச் சரிப்படுத்த இன்னொரு அமைப்பைத் திருக வேண்டும். நேரே உறுப்பினராகிவிடுவது எளிது.

இதில் தமிழாக்குபவர்களுக்கும் ஒரு லாபம் இருக்கிறது. நாங்கள் முடிவுசெய்த சொல் மக்களுக்கு விளங்குகிறதா என்பதை உதவிக் குழுவைப் படித்தால்தான் தெரியும். கேட்பவர்கள் நாங்கள் சூட்டிய பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை; “மேலே வலப்பக்கம் பல்சக்கரம் போல இருக்கிறதே, அது” என்றுதான் கேட்கிறார்கள். அது ஒரு மதிப்பீட்டறிக்கை, காசில்லாமல் வருவது.

சரி, இரண்டை ஒன்றாக்குவது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது செய்யும் விதம். கூட்டத்தில் இதற்குப் பத்து நிமிடம்கூட ஒதுக்கவில்லை. உண்மையில் ஆபத்து எல்லாம் இங்கேதான்.

முதலில் பழைய மடல்கள். புதிய குழுவில் பழைய இரண்டின் காப்பகங்களையும் கலந்து ஒரே வரிசையாக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. செய்யாதீர்கள். மெயில்மேன் 2இன் பைப்பர்மெயில் காப்பகம் ஒவ்வொரு மடலுக்கும் வரிசை எண் போட்டு, அந்த எண்ணையே முகவரியாக்குகிறது. இரண்டு காப்பகங்களைத் திகதி வாரியாகக் கலந்து மறுபடி கட்டினால் எண்கள் எல்லாம் நகரும். வழுப் பதிவுகளிலும் நிரல் குறிப்புகளிலும் “இதற்கான காரணம் இங்கே” என்று நாங்கள் பல வருடமாகக் கொடுத்த தொடுப்புகள், உடைந்துபோனாலும் பரவாயில்லை, வேறு மடலைக் காட்டத் தொடங்கும். உடைந்த தொடுப்பு உடைந்தது என்று சொல்லும். பிழையான தொடுப்பு ஒன்றும் சொல்லாது.

மெயில்மேன் 3இன் காப்பகமான ஹைப்பர்கிட்டி இதில் புத்திசாலி. மடலின் தனி அடையாளத்திலிருந்து கணக்கிட்ட 32 எழுத்துக் குறியீட்டை முகவரியில் வைக்கிறது. எத்தனை தடவை இறக்குமதி செய்தாலும் அது மாறாது. நாங்கள் எப்படியும் மெயில்மேன் 3க்குப் போகத்தான் வேண்டும். 2.1 ஓடுவது பைத்தான் 2இல், பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. ஆகவே பழைய பைப்பர்மெயில் பக்கங்களை அப்படியே, அசையாத பக்கங்களாக, பழைய முகவரியிலேயே விட்டுவிடுவது. தேடுவதற்கு வசதியாக அதே மடல்களை ஹைப்பர்கிட்டியிலும் பழைய பெயரிலேயே ஏற்றுவது. புதிய குழுவின் காப்பகத்தை வெறுமையாகத் தொடங்குவது. இதுதான் என் வாக்கு.

ஏற்றும்போது எங்களுக்கே உரிய ஒரு தலைவலி காத்திருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முந்திய மடல்கள் சில டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில், சில பாமினியில். டிஸ்கி மடல்கள் பல, நான் இன்ன குறியேற்றம் என்று சரியாகச் சொல்லாமல் வந்தவை. இறக்குமதியில் அவை ஐரோப்பிய எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். லினக்ஸில் உள்ள ஐகான்வ் கருவிக்கு டிஸ்கி தெரியும், மாற்றிவிடலாம். பாமினி அதற்குத் தெரியாது. கணினியைப் பொறுத்தவரை பாமினி தமிழே அல்ல. ‘தமிழ்’ என்ற சொல் அங்கே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. காப்பகம் முழுவதும் ‘விசைப்பலகை’ என்று தேடினால் அந்த மடல்கள் ஒன்றும் வராது. மாற்றிய பிரதியைத் தேடலுக்கு வைத்துக்கொண்டு, மூலக் கோப்பைத் தொடாமல் வைப்பது நல்லது. யாகூ குரூப்ஸ் 2019 டிசம்பரில் பழைய பதிவுகளை நீக்கத் தொடங்கி, அடுத்த டிசம்பர் 15இல் ஒரேயடியாக மூடியபோது உலகெங்கும் எத்தனையோ குழுக்கள் மூலக் கோப்பின் அருமையை அறிந்தன.

அப்புறம் உறுப்பினர்கள். இரண்டு பட்டியலையும் ஒட்டி, இரட்டிப்பை நீக்கி, எல்லாரையும் ஒரேயடியாகப் புதிய குழுவில் சேர்த்துவிடுவது ஐந்து நிமிட வேலை. ஓப்பன்ஸ்டாக் அதைச் செய்யவில்லை, நாங்களும் செய்யக்கூடாது. மடல் வேண்டாம், இணையத்திலேயே படித்துக்கொள்கிறேன் என்று நிறுத்தி வைத்தவர்கள் இருக்கிறார்கள். நாளுக்கொரு தொகுப்பாக மட்டும் பெறுபவர்கள் இருக்கிறார்கள். மொத்தமாகச் சேர்க்கும்போது இந்த விருப்பங்கள் எல்லாம் அழிந்து, ஒரு காலையில் அவர்கள் பெட்டி நிரம்பும். பல்கலைக்கழக முகவரியில் சேர்ந்து, படிப்பு முடிந்து, அந்த முகவரியே செத்துப்போனவர்கள் வேறு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றும் நாட்டில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், கேட்காமல் ஒருவரை ஒரு குழுவில் போடுவது மரியாதை இல்லை. வாட்ஸ்அப்பில் நாம் அனுபவிக்கிற தொல்லை அதுதானே. அழைப்பு மடல் அனுப்புவோம். பெரிய திட்டங்கள் பாதி ஆட்களை இழந்துவிடுவோமோ என்று பயப்படலாம். நாங்கள் தொலைபேசி எடுத்து “அண்ணே, மடல் வந்திருக்கும், ஒருக்கா அமத்தி விடுங்க” என்று சொல்லிவிடலாம்.

குறிச்சொற்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒன்றான குழுவில் எழுத்துரு மடலா தமிழாக்க மடலா என்று பிரித்தறியத் தலைப்பில் குறிச்சொல் வேண்டும். அதை மென்பொருளே தானாக ஒட்டட்டும் என்று நினைப்போம். அங்கே ஒரு பொறி இருக்கிறது. அனுப்புபவரின் சேவையகம் மடலுக்கு ஒரு மின் கையொப்பம் போட்டு அனுப்புகிறது. குழு மென்பொருள் தலைப்பில் ஏதாவது சேர்த்தாலோ அடியில் ஒரு வரி ஒட்டினாலோ அந்தக் கையொப்பம் செல்லாததாகிவிடும். 2014 ஏப்ரலில் யாகூ, தன் முகவரியில் வரும் மடல் இந்தச் சோதனைகளில் தவறினால் நிராகரியுங்கள் என்று அறிவித்தபோது உலகெங்கும் மின்னஞ்சல் குழுக்கள் தடுமாறின. திரும்பி வந்த மடல்களைக் கணக்கிட்டு, ஒரு பாவமும் அறியாத உறுப்பினர்களைக் குழு மென்பொருள்கள் நீக்கத் தொடங்கின. அனுப்புநர் இடத்தில் குழுவின் முகவரியைப் போட்டு ஒப்பேற்றுகிற வழக்கம் அதன் பிறகு வந்ததுதான். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத் திட்டம் வேறு வழி எடுத்தது. 2017இல் புதிய குழு மென்பொருளுக்கு மாறியபோது தலைப்பில் குழுப் பெயர் ஒட்டுவதையும் அடிக்குறிப்பு சேர்ப்பதையும் நிறுத்திவிட்டார்கள். மடலைத் தொடாதே, கையொப்பம் உடையாது. நாமும் அப்படியே செய்வோம். குறிச்சொல்லை எழுதுகிறவரே தன் கையால் போடட்டும்.

தமிழில் போடுவதா? ஆம். ஆனால் எந்தச் சொல் என்பதில் கவனம் வேண்டும். நான் முதலில் ‘மொழி’ என்று வைத்துக்கொண்டு வடிகட்டி எழுதிப் பார்த்தேன். சிலருடைய மடல்களைப் பிடித்தது, சிலருடையதைப் பிடிக்கவில்லை. காரணம் அந்த ‘மொ’. ஒகரக் குறியை ஒரே எழுத்தாகவும் அடிக்கலாம்; கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் அடிக்கலாம். யூனிகோடு இரண்டையும் சமம் என்று சொல்கிறது. மின்னஞ்சல் வடிகட்டிகள் எல்லாம் அதைக் கேட்டு நடப்பதில்லை. ஸ்ரீதரன் கதைதான் மறுபடி. ஆகவே ஒகரம், ஓகாரம், ஔகாரம் இல்லாத சொற்களாகத் தேர்ந்தேன்: ‘எழுத்துரு’, ‘தமிழாக்கம்’, ‘நிரல்’. கூட்ட அறிவிப்புக்குக் ‘கூட்டம்’. நான்குக்கு மேல் வேண்டாம். அதிகமானால் யாரும் நினைவில் வைக்கமாட்டார்கள்.

பழைய இரண்டு முகவரிகளும் சாகக்கூடாது. அவற்றுக்கு வரும் மடல் புதிய குழுவுக்குத் திரும்ப வேண்டும். மெயில்மேனில் அந்தப் பழைய முகவரிகளை ஏற்றுக்கொள்ளத்தக்க மாற்றுப்பெயர்கள் என்று பதிந்துவைக்காவிட்டால், முகவரி பொருந்தவில்லை என்று மடல்களை மட்டுறுத்தலில் பிடித்து வைத்துக்கொள்ளும். குழு அடையாளத் தலைப்பை நம்பி வடிகட்டி எழுதியவர்கள் அதை மாற்ற வேண்டும். அறிவிப்பில் இதைத் தனி வரியாகச் சொல்லிவிட வேண்டும்.

பெயர். எழுத்துருக் குழுவின் பெயரையே வைத்துக்கொள்ளலாமே, வேலை மிச்சம் என்றார் ஒருவர். அதன் முழு அர்த்தமும் தமிழாக்கக்காரர்களின் முகத்தில் தெரிந்தது. கொம்புமுறி விளையாட்டில் ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாய் நின்று இழுக்கும் பக்கத்து ஆட்கள் நாங்கள். ஒரு பக்கத்தின் பெயரை மற்றப் பக்கத்துக்கு வைத்தால் விளையாட்டு முடிந்த பிறகும் கயிற்றை விடமாட்டார்கள். புதுப் பெயர்தான். என்ன பெயர் என்பதற்கு மட்டும் இன்னொரு கூட்டம் வேண்டாம், தயவுசெய்து.

நான் பிழையாக இருக்கக்கூடிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலைக் குழுக்காரர்கள் உதவிக் குழுவில் உறுப்பினராகச் சேர்ந்துவிட்டு, மடல்களைப் படிக்காமல் ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டால் என் திட்டம் வெறும் காகிதம். அதனால் ஒரு அளவுகோல் வைக்கலாம். உதவிக் குழுவில் கேட்ட கேள்வி ஒரு வாரம் பதிலில்லாமல் கிடப்பது ஆறு மாதத்தில் மூன்று தடவை நடந்தால், தம்பி சொன்னது போல மூன்றையும் ஒன்றாக்கிவிடுவோம். கேட்கக் கூச்சப்படும் இடத்தைவிடப் பதிலே வராத இடம் மோசம். காக்காவிடமும் இதைச் சொன்னேன். “பதில் வந்தாச் சரி தம்பி” என்றார்.

நாள் குறிப்பதில் அவசரம் வேண்டாம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கினால் இங்கே பாதிப் பேர் மின்னஞ்சல் பெட்டியைத் திறக்கவே மாட்டார்கள். அது முடிந்து, ஆனி பிறந்த பிறகு புதிய குழுவைத் திறந்து, ஓப்பன்ஸ்டாக் போல இரண்டு வாரம் இரண்டுக்கும் பிரதி ஓடவிட்டு மூடலாம்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை மிச்சம். தமிழாக்கக் குழுவின் நிர்வாகி கடவுச்சொல் இப்போது ரொறன்ரோவில் இருக்கும் ஒரு அண்ணனிடம் மட்டும்தான் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதலாந் திகதி எங்கள் உறுப்பினர் கடவுச்சொல்லை ஒளிவு மறைவில்லாமல் அப்படியே எழுதி அனுப்பி வைக்கும் மெயில்மேன், நிர்வாகியின் கடவுச்சொல்லை மட்டும் யாருக்கும் அனுப்புவதில்லை. அண்ணனுக்கு இரண்டு மடல் போட்டாயிற்று. இந்த ஞாயிறு இரவு அழைத்துப் பேசுவதாகக் கல்முனைத் தங்கச்சி பொறுப்பெடுத்திருக்கிறார்.